மோதாமல் பழகிய அணி

2003 டிசம்பரில் வர்ஜீனியா மாநிலத்தின் சேலம் நகரில், கல்லூரிகளுக்கான அமெரிக்கக் கால்பந்தின் மூன்றாம் பிரிவு இறுதியாட்டமான ஸ்டாக் பௌல் நடந்தது. தொடர்ந்து 55 ஆட்டங்களை வென்றிருந்த மவுண்ட் யூனியன் கல்லூரியை, மினசோட்டாவின் செயின்ட் ஜான்ஸ் 24-6 என்று சாய்த்தது. அந்தப் பருவத்தில் ஆடிய 14 ஆட்டங்களிலும் அதற்கு வெற்றி. இத்தனைக்கும் அந்தப் பையன்கள் பயிற்சியில் ஒருவரையொருவர் பிடித்துக் கீழே தள்ளுவதே கிடையாது!

செயின்ட் ஜான்ஸ், பெனடிக்ட் சபைத் துறவிகள் தொடங்கிய ஆண்கள் கல்லூரி. மூன்றாம் பிரிவில் ஆட்டத் திறமைக்காக உதவித்தொகை தரக் கூடாது என்பது விதி. படிக்க வந்த இடத்தில் ஆடுகிறவர்கள்தான் எல்லோரும். பயிற்சியாளர் ஜான் கலார்டி 1953 முதல் அங்கேயே இருந்தவர். அவரைப் பையன்கள் 'ஜான்' என்றுதான் கூப்பிட வேண்டும். அவரிடம் விசில் கிடையாது. பயிற்சி ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாது. கொசு அதிகமென்றால் அதுவும் ரத்து. ஆட வந்த யாரையும் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பியதும் இல்லை.

மோதலில் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் எங்கே போனது என்பதில்தான் என் ரசனை. சில ஆட்ட வகைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பிசிறு போகும்வரை திரும்பத் திரும்பச் செய்தார்கள். பந்து வாங்கப் போகிறவன் முழு வேகத்தில் நேராக ஓடுகிறான். காவலுக்கு நிற்பவன் பின்வாங்குகிறான். ஓடுகிறவன் சட்டென்று ஒரு காலை ஊன்றித் திரும்புகிறான். அவன் முகம் திரும்புவதற்கு முன்பே, பந்தை வீசும் குவாட்டர்பேக்கின் கையை விட்டுப் பந்து கிளம்பியாயிற்று. பாடகர் எங்கே சுற்றினாலும் சமத்துக்கு வந்துவிடுவார் என்று மிருதங்கக்காரர் நம்புகிறாரே, அந்த நம்பிக்கை. உடம்பெல்லாம் அடிபட்டு, நாளை எப்படி எழுந்திருப்போம் என்ற கவலையோடு பழகுகிறவனுக்கு இது வருமா? வராது என்பதே என் கட்சி.

அந்த ஆண்டு நவம்பர் 8 அன்று பெத்தேல் அணியை 29-26 என்று வென்றபோது அது கலார்டியின் 409ஆவது வெற்றி. கிராம்ப்ளிங் கல்லூரிப் பயிற்சியாளர் எட்டி ராபின்சன் வைத்திருந்த 408 என்ற சாதனை அன்று முறிந்தது. பத்திரிகைகளுக்கு அந்த எண்தான் பெரிதாகப் பட்டது. எனக்கென்னவோ செயின்ட் ஜான்ஸ் வீரர் பிளேக் எலியட் பந்தை வாங்கும் அழகுதான் பெரிது. அந்த வருடம் மூன்றாம் பிரிவின் சிறந்த வீரருக்கான விருது அவருக்குத்தான் போனது; விருதின் பெயரே கலார்டி விருது என்பது ஒரு வேடிக்கை.

இறுதியாட்டத்தில் மவுண்ட் யூனியன் கோல் கோட்டை நெருங்கி வீசிய பந்தை செயின்ட் ஜான்ஸ் காவலர் ஒருவர் இடைமறித்து, 100 யார்டு ஓடி டச்டவுன் எடுத்தார். பந்து எங்கே வரும் என்று படித்து வைத்திருந்த கண்ணுக்குக் கிடைத்த பலன் அது. சரி, ஆளைத் தள்ளவேண்டிய இடத்தில் தள்ளினார்களா? எதிரணி 6 புள்ளிக்கு மேல் எடுக்கவில்லையே.

கலார்டி 489 வெற்றிகளோடு 2012இல் ஓய்வு பெற்றார். மற்றவர்கள் அவர் வழிக்கு வர நாளாயிற்று. தலைக்காயம் பற்றிய பயம் பரவிய பிறகு, 2010இல் டார்ட்மவுத் கல்லூரி பயிற்சியில் ஆளைத் தள்ளுவதைக் கைவிட்டது. பருவகாலப் பயிற்சிகளில் அதற்குத் தடை போட, டார்ட்மவுத் ஆடும் ஐவி லீக்கின் பயிற்சியாளர்கள் 2016இல்தான் ஒப்புக்கொண்டார்கள்.