காட்சிவழி நிரலாக்கம்: ஒரு மதிப்பீடு

கணனிகள் ஆற்றும் தொழில் ஒரு தன்மையதன்று. வினாவைப் பெற்று, கணித்து, விடை கூறி ஓய்வது ஒருவகை. மின்தூக்கியையும் விமானத்தையும் ஆளும் கணனிகளோ ஓய்வறியா. புறத்தே நிகழும் ஒவ்வொன்றிற்கும் உரிய வேளையில் உரிய மறுமொழி நல்குவதே அவற்றின் கடன். இவற்றை எதிர்வினை அமைப்புக்கள் என வேறு பிரித்து, 1985 இல் டேவிட் ஹரேல், அமீர் பினுவெலி என்னும் இஸ்ரேலிய அறிஞர் இருவரும் ஆராய்ந்தனர்.

இத்தகைய அமைப்புக்களை வரைந்து காட்ட ஹரேல் 1987 இல் வெளியிட்ட நிலைவரைபடம், விமானக் கருவிகளை வகுத்த பொறியியலாளரோடு பழகியதன் பயனாய்ப் பிறந்தது. இந்நிலையில் இது நிகழின் அந்நிலைக்குச் செல்க என உறுப்புத்தோறும் விதிப்பது அது. ஆயின், மாந்தர் தம் தேவையை அவ்வாறு கூறுவதில்லை. 'விமானி பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியவேண்டும், அதன்பின் கதவு திறத்தலாகாது' என, பல உறுப்புக்களை ஊடறுத்துச் செல்லும் கதையாகவே கூறுவர். அக்கதையையே நிரலாகக் கொள்ளலாமெனத் துணிந்த நூல், ஹரேலும் ராமி மரேலியும் 2003 இல் வெளியிட்ட 'வாருங்கள், விளையாடுவோம்' என்பது. பெயர் சிறுவர் பாடநூலை நினைவூட்டினும் உட்பொருள் எளிதன்று. அமைப்பின் உருவத்தைத் திரையிலிட்டு, வேண்டியவாறு இயக்கிக் காட்டினால் அது காட்சியாகப் பதிவாகும். அக்காட்சிகள் அனைத்தையும் ஒருங்கே வைத்துக் கணனி நடத்தும். நிகழ்ந்தே தீரவேண்டியது வெம்மையுடையது, நிகழலாம் என்பது தண்மையுடையது என இந்நூல் செய்யும் பாகுபாடு மிக நுட்பமானது.

இம்முறையின் சிறப்பையும் இடர்ப்பாட்டையும் ஹரேலும் பிறிரு அறிஞரும் 2012 இல் எழுதிய கட்டுரையிலுள்ள நீர்க்குழாய் உதாரணங்கொண்டே அளந்தறியலாம். வெந்நீரை மும்முறை விடுக என்பது ஒரு காட்சி. தண்ணீரை மும்முறை விடுக என்பது மற்றொன்று. இரண்டும் மாறிமாறி வரவேண்டின் எழுதியவற்றைத் தொடவேண்டியதில்லை. ஒன்று வந்தபின் மற்றது வருமளவும் முன்னையதைத் தடுக்கும் மூன்றாங் காட்சியைச் சேர்த்தாற் போதும். பழையதைத் திருத்தாது புதியதைச் சேர்க்கும் இவ்வசதி பெரும்பேறே.

ஆனால், வெந்நீர் இருமுறை வருமுன் தண்ணீர் வரலாகாது என ஒருவர் நான்காங் காட்சி எழுதின் நிகழ்வது யாது? முதல் வெந்நீருக்குப்பின் மீண்டும் வெந்நீரை மூன்றாவது தடுக்கும். தண்ணீரை நான்காவது தடுக்கும். குழாய் அசையாது நிற்கும். தனித்தனியே நோக்கின் நான்கிலும் குற்றமில்லை. குற்றம் அவற்றின் சேர்க்கையில் உளது. குழாயில் இது சிறு தொல்லை. வானிற் பறக்கும் விமானத்தில் அவ்வாறன்று.

நூலாசிரியர் இதனை மறைத்தாரல்லர். முரணில்லா வழியை முன்கூட்டியே தேடிக் காணும் உத்திக்கெனத் தனி அதிகாரமே வகுத்துள்ளனர். எனினும் அத்தேடல் புறத்தினின்று வந்த ஒரு நிகழ்ச்சிக்கான மறுமொழியளவிலேயே முடிகின்றது. அடுத்த நிகழ்ச்சி எத்தகைய பொறியில் வீழ்த்துமென்பதை அஃது ஆராய்வதில்லை. ஆகவே, எழுதுவோர் தோளினின்று இறக்கப்பட்ட சுமை, சரிபார்ப்போர் தோளில் ஏறியதேயன்றி ஒழிந்ததன்று. நிலைவரைபடத்தில் அமைப்பு இக்கணம் நிற்குமிடத்தை விரல்வைத்துக் காட்டலாம். நூறு காட்சிகள் ஒருங்கே நடக்குங்கால் விரல் வைப்பதற்கு அத்தகையதோர் இடமில்லை.