மேல்மாடிச் சப்தம்

மார்ஸல் ப்ரூஸ்டின் நாவலைப் படித்தவர்கள் எங்குமே குறைவுதான். ஆனால் அவருடைய தக்கை அறையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் அதிகம். பாரிஸ் நகரத்தில் ஓர் அறையின் சுவர்களிலும் கூரையிலும் தக்கைப் பலகைகளை அடித்து, ஜன்னல்களைச் சாத்தித் திரையிட்டு, வெளிச் சந்தடி எதுவும் காதில் விழாமல், படுக்கையில் சாய்ந்தபடியே ஏழு பாக நாவல் ஒன்றை எழுதி முடித்தார் என்பது கதை. எழுத ஆசைப்பட்டு எழுதாமலே இருக்கிறவர்களுக்கு மிகவும் உபயோகமான கதை இது. "எனக்கும் அப்படி ஓர் அறை கிடைத்தால்..." என்று சொல்லிக்கொண்டே காலத்தைக் கடத்திவிடலாம்.

இந்தக் கதையின் மறுபக்கத்தை, 2013-ல் பிரெஞ்சில் வெளியான ஒரு சிறு புஸ்தகம் காட்டுகிறது. ப்ரூஸ்ட் தம் மேல்மாடியில் குடியிருந்த ஓர் அம்மாளுக்கு எழுதிய 23 கடிதங்களும், அந்த அம்மாளின் கணவருக்கு எழுதிய 3 கடிதங்களும் கொண்டது அது. லிடியா டேவிஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2017-ல் வந்தது. கணவர் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர், பல் டாக்டர். அவருடைய வைத்தியசாலை ப்ரூஸ்டின் ஜாகைக்கு மேலேயே இருந்தது. தக்கை அறைக்கு மேலே பல் வைத்தியசாலை! எந்த நாவலாசிரியனாவது இப்படிக் கற்பனை செய்து எழுதியிருந்தால், கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டான் என்றுதான் நாம் சொல்லியிருப்போம்.

102, புல்வார் ஓஸ்மான் என்ற விலாசத்துக்கு ப்ரூஸ்ட் 1906 டிசம்பர் கடைசியில் குடிவந்தார். ஆஸ்துமாக்காரர் குடியிருக்கத் தகுந்த இடமல்ல அது. பெரிய வீதி, வண்டிச் சந்தடி, புழுதி, வீதியோரத்து மரங்கள் வேறு. அப்படியிருந்தும் ஏன் அங்கே வந்தார்? முந்திய வருஷம், 1905-ல், அவருடைய தாயார் காலமாகிவிட்டார். அந்தக் கட்டடம் தாயாரின் மாமன் சித்தப்பன் வகையில் வந்த குடும்பச் சொத்து. அம்மா பார்த்திராத ஒரு வீட்டில் போய்க் குடியிருக்க அவருக்கு மனம் வரவில்லை. வீடு பார்க்கிறபோது நாம் கவனிக்கிற காற்றும் வெளிச்சமும் வாடகையும் அவர் கணக்கில் சேரவேயில்லை.

சாமான்கள் விஷயமும் இதே மாதிரிதான். பெற்றோர் வாழ்ந்த பெரிய வீட்டின் கனமான சாமான்களை இந்த ஜாகையில் கொண்டுவந்து அடைத்தார். சாப்பாட்டு அறை சாப்பிடும் அறையாக இல்லை, சாமான் கிடங்காகிவிட்டது. படுக்கை அறையில் கண்ணாடி பதித்த பீரோ, அதன் முன்னால் தாயாரின் பியானோ, தாயார் தையல் வேலை செய்த சிறு மேஜை, ஐந்து மடிப்புச் சீனத் திரை, நீலப் பட்டுத் திரைச்சீலைகள் எல்லாம் இருந்தன. அறை பெரியதுதான். ஆனால் அதில் அவர் வாழ்ந்த இடம் ஒரு மூலையில் கிடந்த பித்தளைக் கட்டிலும், கைக்கெட்டும் தூரத்தில் மூன்று சிறு மேஜைகளுந்தான். நோட்டுப் புத்தகங்கள், பேனா, கடிகாரம், காப்பிக் கோப்பை இவைகளுக்கு அந்த இடம் போதும். சின்ன வீட்டில் சாமான்களை ஒழுங்கு செய்வது எப்படி என்று இன்று பத்திரிகைகளில் யோசனை சொல்கிறவர்கள், வேண்டாததைக் கழித்துவிடு என்று முதலில் சொல்லுகிறார்கள். ப்ரூஸ்ட் எதையும் கழிக்கவில்லை. அந்த வீட்டில் கழிக்கக்கூடியதாக இருந்தது அவர் நடமாடும் இடம் ஒன்றுதான். அதைத்தான் அவர் விட்டுக்கொடுத்தார். அந்தக் கட்டில் இப்போது பாரிஸின் கார்னவாலே மியூஸியத்தில் இருக்கிறது.

இனி சப்தத்துக்கு வரலாம். 1910-ல் தக்கை அடித்தாகிவிட்டது. ஆனால் இந்தக் கடிதங்கள் 1908 முதல் 1916 வரை எழுதப்பட்டவை என்று கணக்கிடுகிறார்கள். கடிதங்களுக்குத் தேதி போடும் பழக்கம் ப்ரூஸ்டிடம் இல்லை. ஆக, தக்கைக்குப் பிறகும் சப்தம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. மேலே வேலையாட்கள் மராமத்து செய்கிறார்கள், பெட்டிகளுக்கு ஆணி அடிக்கிறார்கள், வேலைக்காரர்கள் நடமாடுகிறார்கள். ப்ரூஸ்ட் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே முறையிடுகிறார். தொடர்ந்து வரும் சப்தம் பலமாக இருந்தாலும் பாதகமில்லை. பலகையில் தட்டித் தட்டி எழுப்புகிற சப்தந்தான் தாங்கவில்லை என்கிறார். அடுக்கு வீட்டில் குடியிருந்த யாரும் இதை மறுக்கமாட்டார்கள். தெருவில் லாரி போவது தூக்கத்தைக் கெடுப்பதில்லை. மேல் வீட்டில் நாற்காலி ஒருமுறை இழுபட்டு நின்றால், அடுத்தது எப்போது இழுபடும் என்று காத்திருக்கிறோமே, அந்தக் காத்திருப்புத்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நியாயமாகப் பார்த்தால் குற்றம் மேல்மாடிக்காரர்களுடையதல்ல. ப்ரூஸ்ட் இரவில் எழுதிப் பகலில் தூங்குகிறவர். ஊரெல்லாம் விழித்து வேலை செய்யும் நேரம் அவருக்கு நடுநிசி. காலையில் ஆணி அடிக்காதே என்று பகலில் பிழைக்கிற ஒரு டாக்டரிடம் கேட்பது எந்த ஊர் நியாயம்? இது அவருக்கும் தெரியும். அதனால்தான் கடிதங்களில் அத்தனை பணிவு. பணிவோடு பூங்கொத்துகளும் மேலே போகின்றன. புகழ்ச்சி சில இடங்களில் அளவு மீறுகிறது. முதல் ஏழெட்டுக் கடிதங்களைப் படிக்கிறபோது, பூச்செண்டு கொடுத்து மௌனம் வாங்கப் பார்க்கிறார் இந்த மனுஷன் என்ற சந்தேகம் எனக்கு வந்தது. அந்தச் சந்தேகம் தவறல்ல. புஸ்தகத்தின் குறை இதுதான். ஒரே வேண்டுகோளைப் பலவிதமாகச் சுற்றிச் சுற்றிச் சொல்வது ஓர் அளவுக்கு மேல் அலுக்கிறது.

ஆனால் வர வர வேறொன்று நிகழ்கிறது. அந்த அம்மாளும் அடிக்கடி நோயில் படுக்கிறவள் என்று தெரிகிறது. ஹார்ப் என்ற நரம்பு வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவள். இருவருக்கும் பொதுவான ஒரு நண்பரின் உடல்நிலையைப் பற்றி விசாரித்துக்கொள்கிறார்கள். 1914-ல் யுத்தம் வருகிறது. குண்டு வீச்சில் சிதைந்த ரேம்ஸ் நகரத்துக் கோயிலைப் பற்றிப் பேச்சு வருகிறது. தம் நாவலின் பிற்பகுதிகள் எப்படிப் போகப்போகின்றன என்றுகூட அவளுக்கு விளக்குகிறார். ஒரே மாடிப்படியை உபயோகித்தவர்கள், அநேகமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமலே, காகிதத்தில் சிநேகிதர்கள் ஆகிறார்கள். சப்தம் போடுகிற ஒரு மேல்தளமாக இருந்தவள், ஒரு மனுஷியாகிறாள்.

அவள் எழுதிய பதில்கள் நமக்குக் கிடைக்கவில்லை. ப்ரூஸ்ட் அவைகளைப் புகழ்ந்து எழுதுவதிலிருந்து நாமாக ஊகிக்க வேண்டியதுதான். அவள் மேலே நடமாடுவதைக் கேட்டு அவர் ஊகித்த மாதிரி, நாமும் கீழே உட்கார்ந்துகொண்டு ஊகிக்கிறோம். பதிப்பாளர்கள் உத்தேசிக்காமலே புஸ்தகத்துக்கு வாய்த்துவிட்ட நயம் இது.

இதே காலத்தில் பிராக் நகரத்தில் இன்னொருவர் சப்தத்தால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். காஃப்காவின் 'பெரிய சந்தடி' என்ற ஒரு பக்கத் துணுக்கு 1912-ல் பத்திரிகையில் வந்தது. வீட்டுச் சந்தடிக்கெல்லாம் தலைமைக் காரியாலயமாக அமைந்த தம் அறையில் அவர் உட்கார்ந்திருக்கிறார். கதவுகள் அறைகின்றன, தகப்பனார் நீண்ட அங்கி தரையில் புரள அறையைக் கடந்து போகிறார், அடுத்த அறையில் அடுப்புச் சாம்பலைச் சுரண்டுகிறார்கள். பாம்பு மாதிரி ஊர்ந்து போய்ச் சகோதரிகளிடம் மௌனம் யாசிக்கலாமா என்று நினைக்கிறார். எழுத்து என்ற அளவில் அந்த ஒரு பக்கம் ப்ரூஸ்டின் இந்த 26 கடிதங்களையும் விட உயர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காஃப்கா அதைப் பிரசுரித்தது குடும்பத்தாரைப் பகிரங்கமாகத் தண்டிப்பதற்காக. சப்தம் செய்தவர்கள் அந்தப் பக்கத்தில் கடைசி வரையில் சப்தங்களாகவே இருக்கிறார்கள்.

ப்ரூஸ்டின் கடிதங்களுக்கு ஈடு அவருடைய நாவலில் இருக்கிறது. கதை சொல்லும் பையன் பாட்டியோடு பால்பெக் என்ற கடற்கரை ஊருக்குப் போகிறான். புது ஹோட்டல், பழகாத அறை, பயப்படுகிறான். பாட்டியின் அறைக்கும் அவன் அறைக்கும் நடுவே ஒரு மெல்லிய தடுப்புச் சுவர். ஏதாவது வேண்டுமானால் மூன்று முறை தட்டு என்கிறாள் பாட்டி. அவன் தட்டுகிறான், மறுபக்கத்திலிருந்து பதிலுக்கு மூன்று தட்டு. பின்னால் வரும் ஒரு பாகத்தில், பாட்டி இறந்த பிறகு, அதே ஹோட்டலுக்கு அவன் திரும்பி வருகிறான். அந்தச் சுவரை இப்போது தொடக்கூட அவனுக்குத் தைரியமில்லை. தட்டினால் பதில் வராது.

தட்டுகிற சப்தத்தைத் தாங்கவே முடியாத மனிதர் எழுதியது இது. முழு மௌனம் கிடைத்திருந்தால் இதை எழுதியிருப்பாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருக்கிறார் என்பதைக் காதால் மட்டுமே அறிவது எப்படி என்பதை அவர் வருஷக்கணக்காகப் படுத்தபடியே கற்றுக்கொண்டிருந்தார். தக்கை அவருக்குச் செய்த உபகாரம் சொற்பம். மேல்மாடி செய்ததுதான் அதிகம்.

நம் கதைகளில் ஒண்டுக் குடித்தனம் நன்றாகவே இடம் பெற்றிருக்கிறது. அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவல் (1973) ஒன்றே போதும். அந்த வாழ்க்கையில் அண்டை வீட்டார் நம் கண்ணெதிரில் இருந்தார்கள். குழாயடியில், முற்றத்தில், மாடிப்படியில் முகம் பார்த்தே சண்டை போட்டார்கள். முகம் பார்த்தே சமாதானம் ஆனார்கள். இன்று சென்னையிலும் கோவையிலும் அடுக்குமாடிகளில் குடியிருக்கிறவர்களுக்கு மேல் வீட்டார் முகமே தெரியாது. காலை ஐந்தரை மணி மிக்ஸியாகவும், ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போடும் மெஷினாகவும், நாற்காலிக் காலாகவும்தான் அவர்களைத் தெரியும். தொந்தரவு மிஞ்சினால் அசோஸியேஷனுக்குப் புகார் போகிறது; நேரே பேச்சில்லை. இந்த வாழ்க்கையை எழுத வருகிற நம் நாவலாசிரியன் சப்தத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அதிலிருந்து மனுஷனுக்குப் போய்ச் சேருவதற்கு ஒரு வழி இந்தச் சிறு புஸ்தகத்தில் இருக்கிறது.

1919-ல் ப்ரூஸ்டின் மாமி அந்தக் கட்டடத்தை ஒரு பாங்கிக்காரருக்கு விற்றுவிட்டாள். ப்ரூஸ்ட் காலி செய்ய வேண்டியதாயிற்று. அதே வருஷம் நாவலின் இரண்டாம் பாகம் வெளியாகி கோன்கூர் பரிசு பெற்றது. 1922-ல் வேறொரு வாடகை ஜாகையில் இறந்துபோனார். நாவலின் கடைசிப் பாகம் 1927-ல்தான் வந்தது. ஏழு பாகங்களையும் படிக்க அவகாசமில்லாதவர்கள் இந்தக் கடிதங்களைப் படிக்கலாம். இரண்டு மணி நேரம் போதும். படித்து முடித்த பிறகு மேல் வீட்டில் நாற்காலி இழுபட்டால், எரிச்சல் வரத்தான் செய்யும். இழுத்தது யார் என்று ஒரு நிமிஷமாவது யோசிக்கவும் தோன்றும்.