களத்தில் கொடுக்கும் விலை: பேட்டில் ராயல் ஆட்டங்களில் துப்பாக்கி மேம்பாட்டுப் பாணிகள்

பெரும்பாலான பேட்டில் ராயல் ஆட்டங்களில் விமானத்திலிருந்து குதிக்கும் யாருடைய கையிலும் ஆயுதம் கிடையாது. இதுவரை ஆயிரம் ஆட்டம் ஆடியவரும் இன்று முதல்முறை ஆடுபவரும் ஒரே வெறுங்கையோடுதான் தரை இறங்குகிறார்கள். பேட்டில் ராயல் என்ற மரபின் அடித்தளம் இந்தச் சமநிலை. இறங்கிய பின் வீடு வீடாகத் தேடி, கிடைத்த துப்பாக்கியைப் பாகம் பாகமாகத் தேற்றி, சுருங்கும் வட்டத்துக்குள் கடைசிவரை நிற்பதே ஆட்டம். அந்தத் தேற்றும் கலையில் ஒவ்வொரு ஆட்டமும் ஒரு பாணியை வளர்த்திருக்கிறது. அவற்றை வரிசையாகப் பார்த்து, எது உயர்ந்த தரம், ஏன் உயர்ந்தது என்று சொல்ல முயல்வதே இக்கட்டுரை.

மரபின் தோற்றம்

ஜப்பானிய எழுத்தாளர் கௌஷுன் தகாமியின் நாவல் 1999இல் வந்தது. கின்ஜி ஃபுகசாகு அதை 2000இல் படமாக எடுத்தார். இந்த ஆட்ட வகைக்குப் பெயர் அங்கிருந்து வந்தது. அயர்லாந்தைச் சேர்ந்த பிரெண்டன் கிரீன், ‘ஆர்மா’, ‘டேஇசட்’ ஆட்டங்களின் மேல் தாமே அமைத்த மாற்று வடிவத்தால் இந்த வகைக்கு இலக்கணம் வகுத்தார். தென்கொரியாவின் புளூஹோல் நிறுவனத்தோடு சேர்ந்து அவர் செய்த பப்ஜி 2017 மார்ச்சில் வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபோர்ட்நைட்டின் பேட்டில் ராயல் வந்தது, ஆண்டு முடிவதற்குள் ஃப்ரீ ஃபயரும் வந்துவிட்டது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2019 பிப்ரவரியிலும் கால் ஆஃப் டூட்டி வார்ஸோன் 2020 மார்ச்சிலும் சேர்ந்துகொண்டன. வெறுங்கைத் தொடக்கமே இவற்றின் பொது வழக்கம், வார்ஸோனில் ஒரு கைத்துப்பாக்கி மட்டும் உண்டு. கிடைத்த துப்பாக்கியை எப்படி உயர்த்துவது என்ற இடத்தில்தான் பாணிகள் பிரிகின்றன.

பப்ஜி பாணி: தேடிச் சேர்ப்பது

இந்தப் பாணியில் மண்ணே கடை. சைலன்சர் ஒரு சமையலறைத் தரையில் கிடக்கும், ஸ்கோப் ஒரு மொட்டைமாடியில் கிடக்கும். எம்416 துப்பாக்கிக்கு ஐந்து இடங்கள்: குழல் முனை, முன்பிடி, மேகசின், பின்கட்டை, ஸ்கோப். ஏகேஎம்மில் முன்பிடிக்கும் பின்கட்டைக்கும் இடமில்லை, மீதி மூன்றுதான். ஏகேஎம்மின் ஒவ்வொரு குண்டும் கனமாக இறங்கும், ஆனால் துப்பாக்கி திமிறும். எம்416 அந்த அளவு வலிக்காது, ஆனால் சொன்னபடி கேட்கும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. பயிற்சி மைதானத்துக்குப் போங்கள். பாகம் எதுவும் இல்லாத எம்416ஐ எடுத்து ஒரு வெற்றுச் சுவருக்கு நேரே நின்று, விரலை எடுக்காமல் 30 குண்டும் தீரும்வரை சுடுங்கள். முதல் சில துளைகள் நெருக்கமாக விழும். அடுத்தவை ஏணி ஏறுவதுபோல மேலே போகும், போகப் போக இடமும் வலமும் சிதறும். இப்போது காம்பன்சேட்டர், செங்குத்துப் பிடி, டாக்டிகல் ஸ்டாக் மூன்றையும் மாட்டி அதே சுவரில் சுடுங்கள். ஏணி நன்றாகக் குட்டையாகும். விரலைக் கொஞ்சம் கீழே இழுத்தபடி சுட்டால் எல்லாத் துளைகளும் ஒரு தட்டுக்குள் அடங்கிவிடும். நீட்டிய மேகசின் போட்டிருந்தால் 40 குண்டு கிடைக்கும். துப்பாக்கியின் அடி ஒரு துளிகூடக் கூடவில்லை. கூடியதெல்லாம் அடக்கம். மேம்பாடு என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தது எந்தப் பாடக் காணொளியும் அல்ல, இந்தச் சுவர்தான்.

குழல் முனையில் ஒன்றைத்தான் மாட்ட முடியும் என்பது இந்தப் பாணியின் அழகு. காம்பன்சேட்டர் போட்டால் திமிறல் குறையும், ஆனால் சத்தம் ஊரைக் கூட்டும். சைலன்சர் போட்டால் எங்கிருந்து சுடுகிறோம் என்று எதிரிக்குச் சட்டென்று பிடிபடாது, ஆனால் திமிறலை விரல்தான் தாங்க வேண்டும். திறந்த வயலில் நிற்பவனுக்கு ஒன்று பொருந்தும், வீட்டுக்குள் பதுங்குபவனுக்கு இன்னொன்று. வானிலிருந்து இறங்கும் ஏர்டிராப் பெட்டியில் மட்டுமே கிடைக்கும் ஏடபிள்யூஎம் மூன்றாம் நிலைத் தலைக்கவசத்தையும் ஒரே குண்டில் முடித்துவிடும். அதன் விலையோ, புகை கிளம்பும் பெட்டியை நோக்கி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓடுவது.

ஃபோர்ட்நைட் பாணி: நிறம் ஏற்றுவது

இங்கே தரத்தை நிறம் சொல்லும். சாம்பல், பச்சை, நீலம், ஊதா, பொன் என்று ஏறும்போது அதே துப்பாக்கியின் வலிமையும் ஏறும். 2019 அக்டோபரில் தொடங்கிய இரண்டாம் அத்தியாயத்தில் மேம்பாட்டு மேசை வந்தது. அந்தக் காலத்தில் மரம், கல், உலோகம் ஆகியவற்றைக் கொடுத்தால் கையிலுள்ள துப்பாக்கி ஒரு நிறம் மேலே போகும்.

இதன் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஃபோர்ட்நைட்டில் மரமும் கல்லும் உலோகமும்தான் சுவர், அவைதான் படிக்கட்டு. மேசைக்கு முன் நின்றவர் தன் சுவரை விற்றுத் துப்பாக்கி வாங்கினார். ஊதாத் துப்பாக்கியைப் பொன்னாக்கிவிட்டு, அடுத்த நிமிடம் வெட்டவெளியில் மறைவு கட்ட ஒரு பலகையும் இல்லாமல் நின்றவர்கள் பலர். இவ்வளவு நேர்மையான கொடுக்கல் வாங்கலை இந்த வகை ஆட்டங்களில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

2020 டிசம்பரில் தங்கக் கட்டிகள் வந்தன. முந்தைய ஆட்டத்தில் சேர்த்த கட்டி அடுத்த ஆட்டத்துக்கும் கூடவே வந்தது. அப்போது வெறுங்கைத் தொடக்கத்தில் முதல் கீறல் விழுந்தது என்பதே என் எண்ணம். 2021 மார்ச்சில் தொடங்கிய பருவம் வேறு திசையில் போனது. விலங்கு எலும்பையும் இயந்திரப் பாகத்தையும் சேர்த்துத் தற்காலிக ஆயுதத்தை நல்ல ஆயுதமாக ஆக்கலாம் என்றானபோது காட்டில் வேட்டைக்கும் வேலை வந்தது. 2023 டிசம்பரில் பாகங்களை மாற்றும் மேசைகள் வந்து, நிறப் பாணியும் பாகப் பாணியும் கைகோத்தன.

இதே ஆட்டம் ஒரு பாடத்தையும் விட்டுச் சென்றது. 2018 டிசம்பரில் வந்த ‘இன்ஃபினிட்டி பிளேடு’ வாள் யார் கையில் கிடைத்ததோ அவர் பக்கம் ஆட்டத்தையே சாய்த்தது. ஆட்டக்காரர்களின் எதிர்ப்பு வலுத்ததும் சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. எதிரே நிற்பவருக்குப் பதில் சொல்ல வழியே விடாத ஆயுதம் எத்தனை அழகாக இருந்தாலும் மரபில் நிலைக்காது.

ஏபெக்ஸ் பாணி: பாகத்துக்குள் படிநிலை

ஏபெக்ஸ் முதல் இரண்டையும் இணைத்தது. பாகம் மாட்ட வேண்டும், அந்தப் பாகத்துக்கும் வெள்ளை, நீலம், ஊதா, பொன் என்று நிறம் உண்டு. தொடக்க காலத்தில் ஆர்-301 துப்பாக்கியில் வெறுமனே 18 குண்டுதான், ஊதா மேகசின் போட்டால் 28. பொன் மேகசின் என்றால் துப்பாக்கியை முதுகில் போட்டுக்கொண்டு ஓடும்போதே குண்டு தானாக நிரம்பும். இந்தப் பாணியின் தனி முத்திரை ஹாப்-அப். ஹேவக் துப்பாக்கியின் விசையை அழுத்தியதும் குண்டு வராது, சற்று முனகிய பிறகுதான் வரும். டர்போசார்ஜர் என்ற ஹாப்-அப்பை மாட்டினால் அந்தத் தயக்கமே போய்விடும். ஒரு பாகம் துப்பாக்கியின் குணத்தையே மாற்றும் அதிசயம் இது.

துப்பாக்கியை மாற்றும்போது பொருந்தும் பாகங்கள் தாமாகவே புதியதற்குத் தாவும். பையைத் திறந்து ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டும் பதற்றம் இல்லாததால் கண் களத்தை விட்டு அகல வேண்டியதில்லை. அனுபவசாலிகள் இதை மெச்சுவார்கள். பப்ஜி பாணியில் வளர்ந்தவர்களோ, அந்தப் பதற்றமும் ஆட்டத்தின் ஒரு பகுதிதானே என்பார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

வார்ஸோன் பாணி: வீட்டிலேயே வடித்து வருவது

வார்ஸோனில் துப்பாக்கி களத்துக்கு வெளியேயே தயாராகிறது. கன்ஸ்மித் என்ற பட்டறையில் ஐந்து பாகங்களைத் தேர்ந்து தனக்கென ஒன்றை வடித்து வைக்கலாம். ஒவ்வொரு பாகமும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுக்கும். நீண்ட குழல் போட்டால் தூரம் எட்டும், ஆனால் குறிபார்க்கத் துப்பாக்கியைத் தூக்கும் வேகம் குறையும். இந்த எடைபோடலில் ஒரு தச்சரின் பொறுமை தேவை, அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் பாகங்கள் திறக்க அந்தத் துப்பாக்கியோடு பல மணி நேரம் ஆடியிருக்க வேண்டும். நேரம் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இடையே ஆட்டம் தொடங்கும் முன்பே இடைவெளி விழுந்துவிடுகிறது. இதை ஓரளவு சரிக்கட்டுவது லோட்அவுட் பெட்டி. வடித்து வைத்த துப்பாக்கி கைக்கு வர, பெரும்பாலும் களத்தில் திரட்டிய பணத்தைக் கடையில் கட்டிப் பெட்டியை இறக்க வேண்டும். அது இறங்குவதைப் பக்கத்துக் குழுவும் பார்க்கும். இந்த ஆபத்துதான் அந்தப் பாணியை மரபுக்குள் பிடித்து வைத்திருக்கிறது.

ஃப்ரீ ஃபயரும் பணப்பையும்

நம் ஊர்களில் விலை குறைந்த கைபேசியிலும் ஓடிய ஆட்டம் ஃப்ரீ ஃபயர். சுமார் 50 பேர், சிறிய களம், சுருக்கமான நேரம் என்று அது பலருக்கு முதல் வாசலாக இருந்தது. களத்தில் பாகம் சேர்க்கும் வழக்கம் அதிலும் உண்டு. ஆனால் அதில் காசு கொடுத்து வாங்கும் துப்பாக்கித் தோல்களுக்கும் (ஸ்கின்) ‘ப்ராப்பர்ட்டி’ உண்டு. குறிப்பிட்ட தோல் இருந்தால் அடியோ சுடும் வேகமோ சற்றுக் கூடும், வேறொன்று சற்றுக் குறையும். பப்ஜியின் கைபேசி வடிவத்திலும் எம்416 கிளேசியர் போன்ற தோல்களை நிலை நிலையாக உயர்த்தலாம், ஆனால் அது அழகோடு நின்றுவிடுகிறது. துப்பாக்கியின் வலிமையைத் தொடுவதில்லை.

இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே உணர்ந்திருக்கிறார்கள். ஃப்ரீ ஃபயரில் தனி அறை திறந்து நண்பர்கள் மோதும்போது முதலில் கேட்கப்படும் கேள்வி: “டேய், கன் ப்ராப்பர்ட்டி ஆஃப் பண்ணிட்டியா?” காசு கொடுத்து வாங்கிய வலிமையை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் மோதலைத் தொடங்குகிறார்கள். இதைவிட உயர்ந்த தரநிர்ணயத்தை எந்த நிறுவனமும் எழுதிவைக்க முடியாது.

தரத்தை அளக்கும் வழி

இத்தனை பாணிகளையும் ஆடிப் பார்த்த பிறகு என் கையில் மிஞ்சுவது ஒரே அளவுகோல்: மேம்பாட்டின் விலை எங்கே கொடுக்கப்படுகிறது? மொட்டைமாடிக்கு ஏறும் ஆபத்தாக, விற்ற சுவராக, எல்லோரும் பார்க்க இறங்கும் பெட்டியாக, அதே ஆட்டத்துக்குள் கொடுக்கப்பட்டால் அது உயர்ந்த பாணி. வெளியே செலவிட்ட நேரமாகவோ பணமாகவோ கொடுக்கப்பட்டால் தரம் அந்த அளவுக்கு இறங்குகிறது.

ஆடுபவரின் தரத்தையும் இதே கோலால் அளக்கலாம். பையை நிரப்புவது எளிது. எதை விட்டுவிட்டுப் போவது என்று அறிவது கடினம். 8எக்ஸ் ஸ்கோப்பைத் தேடி மூன்று வீடு அலைந்து வட்டத்துக்கு வெளியே செத்தவரைவிட, ரெட் டாட் போதும் என்று கிளம்பியவர் தேர்ந்தவர். குழுவாக ஆடும்போது இது இன்னும் துலங்கும். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டு, 2021 ஜூலையில் அதன் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ வந்த பிறகு ஓர் இரவு நாங்கள் நால்வரும் களத்திலுள்ள பொச்சின்கி என்ற ஊரில் இறங்கினோம். “மச்சி, வெர்ட்டிகல் கிரிப் ஒண்ணு எக்ஸ்ட்ரா கெடக்கு, யாருக்குடா வேணும்?” என்றான் ஒருவன். “நான் ஏகேடா, எனக்கு மாட்ட எடமே இல்ல. அவன்கிட்ட எம்ஃபோர் இருக்கு, அவனுக்குக் குடு. என் காம்பன்சேட்டரையும் அவனே வச்சுக்கட்டும், ஸ்ப்ரே அவனுக்குத்தான் நிக்கும்” என்றான் இன்னொருவன். தன் துப்பாக்கியின் திமிறலை அவன் தெரிந்தே ஏற்றுக்கொண்டான். நால்வரில் ஒரு துப்பாக்கி முழுமை பெற்றது. அந்த ஆட்டத்தில் கடைசி வட்டம்வரை எங்களைக் கொண்டுபோனது அந்த ஒன்றுதான்.

கடைசி வட்டத்தில் நாங்கள் தோற்றோம். எங்களை வீழ்த்தியவர் வந்து பெட்டியைத் திறந்தார். கிரிப்பையும் காம்பன்சேட்டரையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் துப்பாக்கியில் மாட்டிக்கொண்டதைத் திரையில் பார்த்தபடி இருந்தோம். வருத்தம் இல்லை. விலையை அவரும் அதே களத்தில் கொடுத்திருந்தார். அடுத்த ஆட்டத்துக்கு விமானம் கிளம்பியபோது அவர் கையும் எங்கள் கையும் மறுபடி வெறுங்கையாகவே இருந்தன.