தேடத் தெரிந்த ஆங்கிலம்: கொடைக்கானலும் யாழ்ப்பாணமும்

பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்கும் மாணவருக்கு நூலகத்தில் தேடவும், கிடைத்ததை மதிப்பிட்டுப் படிக்கவும் பயிற்சி தரும் பொறுப்பு தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வெவ்வேறு கைகளில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பட்டப்படிப்பில் முதற்பகுதி தமிழாகவும் இரண்டாம் பகுதி ஆங்கிலமாகவும் அமைய, அந்த ஆங்கிலம் பெரும்பாலும் ஒரு பாடநூலுக்குள்ளேயே முடிந்துவிடுவதால், நூற்பட்டியலைத் தொடாமலே மாணவர் பட்டம் பெற்றுவிட முடியும். ஆய்வுத் தரவுத்தளங்களையும் அறிமுகப்படுத்தும் வெளியீட்டு அறநெறிப் பாடத்தை 2019இன் இறுதியில் பல்கலைக்கழக மானியக் குழு முனைவர் பட்ட ஆய்வாளருக்குத்தான் கட்டாயமாக்கியது. அது மிகவும் பிந்திய வேளை.

இலங்கையில் 1960களில் கலைப்பீடங்களின் பயிற்றுமொழி சிங்களமாகவும் தமிழாகவும் மாறியபின், ஆங்கிலம் நூலகத்தைப் பயன்படுத்துவதற்கான மொழியாக நின்றது. அதைக் கற்பிக்கப் பல்கலைக்கழகங்களில் தனி அலகுகள் உருவானதால், துறைசார் கட்டுரையை வாசித்துக் குறிப்பெடுக்கும் பயிற்சி அங்கே ஆங்கில வகுப்புக்கு உரியதாயிற்று. எனினும் 1981இல் பொது நூலகம் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணத்தில், பிந்திய போரும் ஆய்விதழ்களின் வரவைத் தடுத்தது. அக்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, தாளும் நூலும் அரிதான சூழலில் ஆய்வெழுத்து பட்ட பாட்டைத் தம் 2002ஆம் ஆண்டு நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

தேடல் முதலில் ஒரு மொழிப் பயிற்சி என்பதைக் கொடைக்கானலிலேயே காணலாம். நாயுடுபுரத்திலிருந்து அட்டுவம்பட்டியிலுள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் மாணவி ஒருவர், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைப் பற்றி எழுத விரும்புவதாகக் கொள்ளலாம். குறிஞ்சி என்ற பெயரை ஆங்கில எழுத்தில் இட்டுத் தேடினால் சுற்றுலாச் செய்திகளே மிகுதியாக வரும். ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என்ற தாவரவியற் பெயரை இட்டால்தான் ஆய்வுகள் முன்வரும். பொருள் தலைப்பு, அதாவது ஒரே பொருளைச் சார்ந்த நூல்களை ஒன்றுசேர்க்க நூலகர் நிலைப்படுத்திய சொல், இந்த இடத்தில்தான் பயன் தருகிறது. யாழ்ப்பாண மாணவருக்குப் பனையும் அப்படியே: பனையின் ஆங்கிலப் பெயரை இலங்கையர் ஈற்றில் ‘எச்’ சேர்த்தும் இந்தியர் பெரும்பாலும் அதை விட்டும் எழுதுவதால், ஒரு வடிவத்தை மட்டும் அறிந்தவருக்கு மறு கரையின் ஆய்வுகள் பல தப்பிவிடும்.

இந்திய ஆய்வேடுகளைத் திரட்டும் சோத்கங்காவும், 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமமாக்கிவரும் நூலகம் திட்டமும் இன்று இரு நாட்டு மாணவருக்கும் கட்டணமின்றித் திறந்துள்ளன. ஆகவே முதலாமாண்டு ஆங்கிலப் பாடவேளைகளில் சிலவற்றை நூலகத்துக்கு மாற்றி, ஆங்கில ஆசிரியரும் நூலகரும் சேர்ந்து, ஒவ்வொரு மாணவரும் தம் ஊர்ப் பொருளொன்றுக்குரிய தேடுசொற்களைத் தாமே தொகுக்கும்படி நடத்துவது தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு இப்போதே கைகூடக்கூடியது.