புறமுதுகிடும் உரிமை

1997இல் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ விளையாட்டில் பயந்து ஓடும் வீரன் ஒருவன்கூடக் கிடையாது. எதிரில் யானைப்படையே வந்தாலும் கோடரிக்காரன் தன் கடைசி உயிர்ப்புள்ளி தீரும்வரை வெட்டிக்கொண்டிருப்பான். அதன் இரண்டாம் பாகத்துக்கு 2022இல் வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ இணைப்பில் ராஜேந்திர சோழனின் படையையே நாம் நடத்தலாம். அங்கே சுருள்வாள் வீசும் வீரர்களுக்கும் இதே விதிதான். கலிங்கத்துப்பரணி பாடிய செயங்கொண்டார்கூடத் தோற்ற கலிங்கரை வேடம் மாற்றி ஓடித் தப்பவிட்டார். கணினிக்கு அந்த இரக்கம் இல்லை.

ஆனால் பழங்காலப் போர்களைத் தீர்மானித்தது பெரும்பாலும் ஓட்டம்தான். 1870இல் பிரஷ்யாவுடனான போரில் குண்டடிபட்டு இறந்த பிரெஞ்சுக் கர்னல் ஆர்தாந் து பிக், இரண்டு வரிசைகள் மோதும்போது சாவது கொஞ்சம், ஒரு வரிசை திரும்பி ஓடத் தொடங்கிய பிறகு முதுகில் வெட்டுப்பட்டுச் சாவதே அதிகம் என்று விளக்கினார். வென்றவரின் இழப்பும் தோற்றவரின் இழப்பும் மலைக்கும் மடுவுக்குமாக இருப்பதன் காரணம் இதுதான்.

கணினிக்காரர்களுக்கு முன்பே இதை விளையாட்டாக்கியவர்கள் பலகை விளையாட்டுக்காரர்கள். 1977இல் வந்த ‘ஸ்குவாட் லீடர்’ பலகை விளையாட்டில் ஒவ்வொரு சிறுபடைக்கும் ஒரு மனவுறுதி எண் உண்டு. இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் அட்டையைக் கவிழ்த்துவிட வேண்டும். அந்தப் படை உடைந்துவிட்டது. தலைவன் ஒருவன் பக்கத்தில் வந்து தேற்றினால்தான் அது மீளும்.

கணினியில் இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியது, 2000இல் வந்த ‘ஷோகன்: டோட்டல் வார்’. பக்கவாட்டில் தாக்கப்பட்டால் மனவுறுதி குறையும், களைத்தால் குறையும், தளபதி விழுந்தால் சட்டென்று சரியும். எல்லாவற்றையும்விட, பக்கத்துப் படை ஓடினால் நம் படைக்கும் கால் நடுங்கும். சமநிலைச் சிக்கல் பிறப்பது இந்தக் கடைசி விதியில்தான். அதைப் பலமாக வைத்தால் ஏரிக்கரை ஓரிடத்தில் உடைந்ததும் மொத்தமும் போவதுபோல் முதல் விரிசலிலேயே ஆட்டம் முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் வெறும் துரத்தல். மெலிதாக வைத்தால் மறுபடி சாகும்வரை வெட்டும் கோடரிக்காரன்தான். 2013இல் ‘ரோம் 2’ வெளியானபோது சண்டைகள் கண்மூடித் திறப்பதற்குள் முடிகின்றன என்று ரசிகர்கள் கொதித்தார்கள். பின்னால் வந்த திருத்தங்கள் வேகத்தைக் குறைத்தன. அதற்கு முன்பே ‘டார்த்மாட்’ போன்ற ரசிகர் மாற்றங்கள் இதே எண்களைத் திருகிக்கொண்டிருந்தன. அதைச் செய்த நிக் தொமாதிஸ் பிறகு சொந்தமாக ‘அல்டிமேட் ஜெனரல்: கெட்டிஸ்பர்க்’ விளையாட்டையே 2014இல் உருவாக்கினார்.

எண்களைத் திருகுவதால் மட்டும் இது தீராது என்பது என் எண்ணம். தளபதியின் சாவையே எடுத்துக்கொள்வோம். அவன் விழுந்தால் படை கலங்கும் என்பது வரலாற்றுக்குப் பொருந்தியதே. கி.மு. 331இல் கௌகமேலாவில் அலெக்சாண்டர் நேராகப் பாரசீக அரசர் தாரியஸை நோக்கிப் பாய்ந்தார். தாரியஸ் ஓடினார், படை குலைந்தது. இதைக் கற்றுக்கொண்ட ஆட்டக்காரர் ஒவ்வொரு போரிலும் குதிரைப்படையை எதிரித் தளபதியின் மேல் ஏவுகிறார். பத்தாவது போரில் கொட்டாவி வருகிறது.

அதே பாரசீகத்தில் எழுபது ஆண்டுகள் முந்திப் பாருங்கள். கி.மு. 401இல் குனாக்சாவில் இளைய சைரஸ் தன் அண்ணனான அரசனை நோக்கிப் பாய்ந்து அங்கேயே செத்தான். அவனுடைய பாரசீகத் துணைப்படை ஓடிப்போனது. வலப்பக்கத்தில் நின்ற கிரேக்கக் கூலிப்படையோ எதிரே இருந்தவர்களைத் துரத்திக்கொண்டு போய்விட்டது. தங்களை அழைத்துவந்தவன் இறந்துவிட்டான் என்பது அவர்களுக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. விளையாட்டுகளில் இந்த இடைவெளிக்குப் பொதுவாக இடமில்லை. தளபதி விழுந்த கணமே மைல் தொலைவில் நிற்கும் வில்லாளிக்கும் நெஞ்சு சரிகிறது. செய்தி பரவ நேரம் கொடுத்திருந்தால் அச்சம் களத்தில் ஊர்ந்து வருவதை ஆட்டக்காரர் கண்ணால் காணலாம். குறுக்கே ஒரு படையை நிறுத்தித் தடுக்கவும் முயலலாம். தோல்வி அநியாயமாகப் படுவது எண் பெரிதாக இருப்பதால் அன்று. அது வருவது தெரியாததால்.

‘குளோஸ் காம்பாட்’ 1996லேயே இதை உணர்ந்திருந்தது. இரண்டாம் உலகப்போரின் சிறுபடைகளை நடத்தும் அந்த விளையாட்டில் ஒவ்வொரு வீரனின் மனநிலையும் எழுத்திலேயே தெரியும். “முன்னேறு” என்றால் பதுங்கிக் கிடப்பவன் நகரமாட்டான். கோபம் வரும், ஆனால் ஏன் நகரவில்லை என்பது புரியும். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த விளையாட்டு இதுதான்.

சுற்றி வளைப்பதையும் சொல்ல வேண்டும். சூழப்பட்ட படைக்கு ஒரு வழி விட்டுவை என்பது சன் சூவின் பழைய அறிவுரை. 2004இல் வந்த ‘ரோம்: டோட்டல் வார்’ அதை விதியாகவே வைத்தது: ஓட வழியில்லாத படை சாகும்வரை போரிடும். ஆட்டக்காரர் தானாகவே ஒரு பக்கத்தைத் திறந்துவிடக் கற்றுக்கொள்கிறார். பாடம் எடுக்காமல் பாடம் சொல்லும் விதி.

போர்க்களத்துக்கு வெளியே நிலைமை மோசம். ‘யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4’ விளையாட்டில் மனவுறுதி தீர்ந்ததும் படை பின்வாங்கும்; ஆயிரக்கணக்கானோர் உயிரோடிருந்தாலும் அந்தச் சண்டை தோல்விதான். அதுவரை சரி. ஆனால் அமைதிக் காலத்தில் பராமரிப்புச் செலவைக் குறைத்துக் காசை மிச்சம் பிடித்து, போருக்குச் சில மாதம் முன்னால் மறுபடி கூட்டினால் போதும்; மனவுறுதி பழையபடி ஏறிவிடும். பட்டினி கிடந்தவன் எதையும் நினைவில் வைப்பதில்லை. உண்மையில் 1575இல் ஸ்பெயின் அரசு கடனைக் கட்டமுடியாமல் கைவிரித்தது. சம்பளம் வராத அதன் படை அடுத்த ஆண்டு நவம்பரில் ஆண்ட்வெர்ப் நகரைச் சூறையாடியது.

இந்தக் கணக்கை ஓரளவு பொருட்படுத்துவது துருக்கியில் உருவான ‘மவுண்ட் அண்ட் பிளேட்: வார்பேண்ட்’ (2010). அதன் நாடுகள் கற்பனையானவை; ஆனால் சம்பள பாக்கி வைத்தால் மனவுறுதி இறங்குகிறது, தினமும் ஒரே உணவைப் போட்டால் அது அதிகம் ஏறுவதில்லை. வெண்ணெய், மீன், ரொட்டி என்று வகைவகையாக மூட்டையில் வைத்திருப்பவனுக்கே ஆட்கள் ஒட்டுகிறார்கள். மனவுறுதி அடிமட்டத்துக்குப் போனால் இரவோடு இரவாக நழுவிவிடுவார்கள். அதே வரைபடத்தில் படைகளை விட்டு ஓடியவர்கள் கூட்டமாகத் திரிந்து, வழிப்போக்கர்களை மறிக்கிறார்கள், நம்மையும்தான்.