முன்னிலை இல்லாத விளையாட்டு: சுடும் வீடியோ விளையாட்டுகள் குறித்துச் சில குறிப்புகள்

சுடும் வீடியோ விளையாட்டுகள் பற்றி எம்மவர் மத்தியில் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கருத்துகளே முன்வைக்கப்படுகின்றன. பிள்ளைகளைக் கொலைகாரர்களாக்கும் சனியன் இது, பிடுங்கி எறியுங்கள் என்பது ஒன்று. வெறும் விளையாட்டுத்தானே, இதில் ஆராய என்ன இருக்கிறது என்பது மற்றது. முதலாவதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விளையாடிப் பார்க்காதவர்கள். இரண்டாவதைச் சொல்பவர்கள் விளையாடுவதோடு நிறுத்திக்கொண்டவர்கள். ஒரு நாவலையோ சினிமாவையோ நாம் இப்படி ஒரே வரியில் தீர்த்துவிடுவதில்லை. அது யாரைப் பேச விடுகிறது, யாரை மௌனமாக்குகிறது என்று கேட்கிறோம். அதே கேள்வியை இவ்விளையாட்டுகளிடமும் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் இதனை விளையாடுகிறவனாகவே எழுதுகிறேன். யாங்கோனில் ஆங்கில விரிவுரையாளனாக இருந்த காலத்தில், 2000களின் நடுப்பகுதியில், மாணவர்கள் சிலர் அலோனில் எங்கள் தெருவுக்குப் பக்கத்திலிருந்த கேம் கடைக்கு என்னை இழுத்துப்போனார்கள். அன்றிலிருந்து பழக்கம். 2021 பெப்ரவரி முதலாம் திகதி இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் வேலைநிறுத்தத்தில் சேர்ந்தேன். வேலை போயிற்று. பின்னர் நாடும் போயிற்று. இப்போது அயல்நாடொன்றில் ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டும் வரிசையில் நிற்கிறேன். வேலை முடிந்து விடுதிக்கு வந்ததும் என் வயதில் பாதிகூட இல்லாத பையன்களோடு சேர்ந்து கைபேசியில் சுடுகிறேன். ஆகவே இது வெளியில் நின்று செய்யும் உபதேசம் அன்று.

1. 'நான்' என்னும் துப்பாக்கி

இவ்வகை விளையாட்டை ஆங்கிலத்தில் 'ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர்' என்பர். 'ஃபர்ஸ்ட் பெர்சன்' என்பது இலக்கணத்திலிருந்து எடுத்த சொல். தமிழில் தன்மை என்கிறோம். விளையாடுபவரின் கண்ணால்தான் திரையில் உலகம் தெரியும். அவருடைய முகம் தெரியாது. கீழே ஒரு கையும் ஒரு துப்பாக்கியும் மட்டும் தெரியும். 'நான்' என்பதற்கு இங்குள்ள உடல் அவ்வளவே.

1992இல் இட் சாஃப்ட்வேர் என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கிய 'உல்ஃபென்ஸ்டைன்' என்ற ஆட்டமும், அதே நிறுவனம் 1993 டிசம்பரில் வெளியிட்ட 'டூம்' என்ற ஆட்டமும் இந்த வடிவத்தை உலகெங்கும் பரப்பின. முதலாவதில் சுடப்படுபவர்கள் நாஜிகள். இரண்டாவதில் நரகத்திலிருந்து வரும் பேய்கள். இந்தத் தேர்வு தற்செயலானது எனக் கொள்ள முடியாது. பேச வேண்டிய தேவையே இல்லாத எதிரி வேண்டும். நாஜியோடும் பேயோடும் என்ன பேச்சு? சில ஆண்டுகளிலேயே, 1996 வாக்கில், அமெரிக்க மரைன் படையினர் 'டூம்' ஆட்டத்தின் இரண்டாம் பாகத்தைத் தமது பயிற்சிக்கு ஏற்ப மாற்றி அமைத்தனர். பேய்களின் இடத்துக்கு மனித உருவங்கள் வந்தன. ஆட்டத்தின் இலக்கணத்தில் ஒரு விதியையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

தமிழ் இலக்கணத்தில் இடம் மூன்று: தன்மை, முன்னிலை, படர்க்கை. நான், நீ, அவன். இவ்விளையாட்டுகளில் தன்மை உண்டு, படர்க்கை உண்டு. முன்னிலை இல்லை. எதிரே நிற்பவனை 'நீ' என்று அழைக்க ஒரு விசை கிடையாது. ஓட ஒரு விசை, குந்த ஒரு விசை, குண்டு மாற்ற ஒரு விசை உண்டு. 'யார் நீ?' என்று கேட்க எதுவும் இல்லை. இவ்விளையாட்டுகளில் இரத்தம் அதிகம் என்று குறைப்படுபவர்களுக்கு நான் சொல்வது, இரத்தத்தைவிட இந்தக் குறையைப் பாருங்கள் என்பதே.

2. கேம் கடையில் இருந்த 'நீ'

இங்கே ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். அலோனில் நாங்கள் ஆடிய 'கவுண்டர்-ஸ்ட்ரைக்' இரு அணியினர் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடுவது. கனடாவில் வாழ்ந்த வியட்நாமிய வம்சாவளி இளைஞரான மின் லே, ஜெஸ் கிளிஃப் என்பவரோடு சேர்ந்து இன்னொரு விளையாட்டை மாற்றி 1999இல் இதை உருவாக்கினார். 2000இல் வால்வ் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஓர் அணி பயங்கரவாதிகள், மற்றது அவர்களை ஒடுக்கும் அரசப் படை. ஆனால் அணியை மாற்றிக்கொள்ளலாம். இந்தச் சுற்றில் குண்டு வைப்பவன் அடுத்த சுற்றில் குண்டை அகற்றுவான். 'பயங்கரவாதி' என்பது ஒரு நாற்காலிதான், யாரும் உட்காரலாம் என்பதை எந்தப் பாடநூலும் எங்கள் பையன்களுக்கு இவ்வளவு எளிதாகச் சொல்லித்தந்ததில்லை.

அத்தோடு, அந்தக் கடையில் சுட்டவனும் சுடப்பட்டவனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தார்கள். தமிழிலும் பர்மியத்திலும் வசவுகள் பறக்கும். மின்சாரம் நின்றதும் இரு அணியும் ஒன்றாக எழுந்து டீக்கடைக்குப் போகும். திரையில் இல்லாத முன்னிலையை அந்த அறை கொடுத்தது. ஆனால் அதைக் கொடுத்தது அலோன், விளையாட்டு அல்ல. அதே விளையாட்டின் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். பணயக் கைதிகள் என்று ஆயுதமற்ற சிலர் அதில் உண்டு. அவர்களைக் கொன்றால் ஆடுபவரின் பணத்தில் ஒரு பகுதி வெட்டப்படும். சாதாரண சனத்தின் உயிருக்கு ஆட்டம் இட்ட மதிப்பு ஓர் அபராதத் தொகை.

இந்த இலக்கணம் முழுமை பெற்ற இடம் 'அமெரிக்காஸ் ஆர்மி'. 2002 ஜூலை 4ஆம் திகதி அமெரிக்க இராணுவமே ஆட்சேர்ப்பு விளம்பரமாக இதை இலவசமாக வெளியிட்டது. 2022 மே மாதம்வரை நடத்தியது. இதில் ஒரு தொழில்நுட்ப ஏற்பாடு இருந்தது. இரு அணியினரும் தத்தம் திரையில் தம்மை அமெரிக்கச் சிப்பாய்களாகவே காண்பர். எதிரணி மட்டும் எதிரியாகத் தெரியும். எதிரே இருப்பவரின் திரையில் அவர் அமெரிக்கர், நாம் எதிரி. எதிரியாக ஒரு கணமும் இருந்து பார்க்க எவருக்கும் இடமில்லை. தமிழில் 'நாம்' என்பது கேட்பவரையும் சேர்க்கும், 'நாங்கள்' என்பது அவரை விலக்கும். பல மொழிகளுக்கு இல்லாத இந்த வேறுபாடு எம்மிடம் இருப்பதால் இதைச் சொல்வது எளிது: அந்த விளையாட்டில் எல்லோரும் 'நாங்கள்', எவரும் 'நாம்' இல்லை. அரசுகள் விரும்பும் குடிமகன் இப்படித்தான் பார்ப்பான்.

தொழிற்சாலை வரிசையில் நின்று பழகியவன் இன்னொன்றையும் கவனிப்பான். ஒரே அசைவு, ஒரே வேகம், தலைக்குமேல் ஓடும் எண்ணிக்கைப் பலகை. எங்கள் வரிசையில் பொதிகள், திரையில் பிணங்கள். ஓய்வு என்று நாம் நினைப்பதும் வேலையின் வடிவத்தையே எடுத்திருக்கிறது. அதனால்தான் களைத்தவனுக்கு அது இவ்வளவு பழக்கமானதாகத் தோன்றுகிறது.

3. பாலத்தைக் கட்டியவன் எங்கே?

எங்கள் மண் இவ்விளையாட்டுகளில் வந்ததில்லையா என்றால், வந்திருக்கிறது. 2003இல் வெளிவந்த 'மெடல் ஆஃப் ஹானர்: ரைசிங் சன்' இரண்டாம் உலகப் போரின் ஆசியக் களத்தைப் பற்றியது. அதில் ஒரு கட்டத்தின் பெயரே குவாய் நதிப் பாலம். ஆடுபவர் ஜோசப் கிரிஃபின் என்ற அமெரிக்க மரைன்.

அந்தப் பாலம் இருந்த சயாம்-பர்மா ரயில் பாதை தாய்லாந்தின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 80,000 முதல் 1,00,000 வரை என மதிப்பிடப்படுகிறது. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெருந்தொகையினர். பர்மியத் தொழிலாளர்களை 'வியர்வைப் படை' என்றார்கள். போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் தன்பியூசயாட்டில் வரிசையாக உள்ளன. தொழிலாளருக்கு அப்படி எதுவும் இல்லை. 1957இல் வந்த புகழ்பெற்ற ஆங்கிலப் படமும் பிரிட்டிஷ் கைதிகளின் கதையையே சொன்னது. இலங்கையின் கித்துல்கலவில், களனி ஆற்றங்கரையில் படமாக்கப்பட்ட கதை அது.

விளையாட்டு அந்தப் படத்தின் வாரிசு. அந்தப் பாலத்தில் 'நான்' ஆக முடிந்தவன் கிரிஃபின் ஒருவனே. மண் சுமந்தவன் அங்கே 'நான்' ஆகவே முடியாது, ஏனென்றால் அவன் கையில் துப்பாக்கி இல்லை. துப்பாக்கி இல்லாதவனுக்குத் தன்மை இடத்தைக் கொடுக்க இந்த வடிவத்துக்குத் தெரியாது. அகதிகளாகிய எமக்கு இது சிறிய விடயமன்று. போரில் நாம் பெரும்பாலும் இருந்த இடம் அதுதான்.

4. நாமே 'நான்' ஆனபோது

2022இல் பர்மிய இளைஞர்கள் சிலர் மக்கள் பாதுகாப்புப் படையின் போராளியை நாயகனாக்கி 'வார் ஆஃப் ஹீரோஸ்' என்ற சுடும் விளையாட்டை உருவாக்கினார்கள். ஆட்டத்தின் இடையே வரும் விளம்பரங்களால் கிடைக்கும் பணம் எதிர்ப்புப் போராட்டத்துக்குப் போனது. இதைப் பயங்கரவாதப் பிரச்சாரம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஓர் அரசின் படை இருபது ஆண்டுகள் செய்ததை அகதியின் பிள்ளை செய்யும்போது மட்டும் எப்படிக் குற்றமாகும்? முதன்முறையாகத் திரையில் 'நான்' என்பது எங்களவனாக இருந்ததன் மகிழ்ச்சியையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் 'நான்' மாறியதால் இலக்கணம் மாறிவிடவில்லை. 2024 பெப்ரவரி 10ஆம் திகதி, 2010இல் எழுதப்பட்டுக் கிடப்பில் கிடந்த கட்டாய இராணுவ சேவைச் சட்டத்தை ஆட்சியாளர்கள் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 18 முதல் 35 வயதுவரையான ஆண்கள், 18 முதல் 27 வயதுவரையான பெண்கள் இதற்குள் அடங்குவர். எங்கள் விடுதியில் இதற்குத் தப்பி வந்த அலோன் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் சொன்னான்: "சயா, முன்னாடியெல்லாம் அந்த யூனிஃபாரத்தைக் கண்டதும் விரல் தானா போகும். இப்ப எங்க தெருப் பையன் ரெண்டு பேர் அதுக்குள்ள இருக்கானுங்க. அவனுங்க கூட உக்காந்துதான் இந்த ஆட்டத்தையே ஆடினேன்."

எந்தத் திறனாய்வாளரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. நேற்றுவரை 'நான்' என்று ஆடியவனை இன்று பிடித்துக்கொண்டுபோய் 'அவன்' ஆக்கி நிறுத்தியிருக்கிறார்கள். விளையாட்டுக்கு அது தெரியாது. அதற்குத் தெரிவது சீருடை மட்டுமே. அலோனுக்கு இது புதிதுமல்ல. 1949இன் தொடக்கத்தில் அங்கிருந்த கரென் மக்களின் குடியிருப்பு தாக்கப்பட்டு எரிக்கப்பட்டது. அதற்கு முதல் நாள்வரை அவர்களும் அடுத்த வீட்டு 'நீ'தான்.

'போர்க்களத்தில் நின்று பேசிக்கொண்டா இருப்பார்கள்?' என்று கேட்கலாம். பேசியிருக்கிறார்கள் என்பதே என் பதில். 2021இலேயே, படையை விட்டு வெளியேறும் சிப்பாய்களை வரவேற்க 'மக்கள் அரவணைப்பு' என்ற பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பு உருவாயிற்று. முன்னாள் படையினரே அதை நடத்தினார்கள். ஆயிரக்கணக்கில் சிப்பாய்களும் பொலிஸாரும் வெளியேறினார்கள். உண்மையான போராட்டம் எதிரே நின்றவனை 'நீ, இங்கே வா' என்று அழைத்தது. அதைக் கொண்டாட வந்த விளையாட்டு வடிவம் அழைக்கத் தெரியாததாக இருக்கிறது. போராட்டத்தைவிட அதன் விளையாட்டு பின்தங்கியிருக்கிறது என்பதே என் விமர்சனம்.

5. முடியாதது அல்ல

இந்த வடிவத்துக்குள் முன்னிலை சாத்தியமே இல்லை என்பாரும் உண்டு. 2005இல் வந்த 'ஸ்வாட் 4' அதற்கு மறுப்பு. தன்மை நோக்கில் சுடும் விளையாட்டுதான் அது. ஆனால் 'ஆயுதத்தைக் கீழே போடு' என்று கத்த ஒரு விசை உண்டு. எதிரே உள்ளவன் சரணடையலாம். தேவையின்றிச் சுட்டால் புள்ளி குறையும். பொலிஸ் குரலில் வரும் ஏவல் மட்டுமே அங்கு முன்னிலை. அந்தக் குரலை நள்ளிரவில் கதவருகே கேட்டவர்களுக்கு அது இனிக்காது. என்றாலும் ஒரு விசையை அங்கே வைக்க முடிந்திருக்கிறது. 2014இல் போலந்தில் உருவான 'திஸ் வார் ஆஃப் மைன்' சுடும் விளையாட்டு வகையைச் சேர்ந்ததல்ல. சாராயேவோ முற்றுகையை மனத்தில் கொண்டு, போருக்குள் அகப்பட்ட சாதாரண சனத்தை அது 'நான்' ஆக்கியது. அதில் அயலார் கதவைத் தட்டி உதவி கேட்பார்கள். பதில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் இளைஞர்களில் சிலர் பகலில் தொழிற்சாலையிலும் இரவில் கம்ப்யூட்டர் முன்னாலும் இருந்து இத்தகைய விளையாட்டுகளை ஆக்கக் கற்றுவருகிறார்கள். அவர்களைத் தடுக்க வேண்டாம். துப்பாக்கியை எடுத்துவிடச் சொல்லவும் வேண்டாம். எங்கள் வரலாற்றில் அது இருக்கிறது. அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: எதிரே சீருடையில் நிற்பவனோடு பேச ஒரு விசை வையுங்கள். அவன் துப்பாக்கியைக் கீழே போட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பதையும் எழுதுங்கள். சரணடைந்தவனை என்ன செய்வது என்ற கேள்விக்கு எங்கள் இயக்கங்களும் படைகளும் பல நாடுகளில் மோசமான பதில்களையே தந்திருக்கின்றன. அதை வெளிப்படையாக விவாதிக்க ஒரு விளையாட்டு உதவுமானால், அதை ஆட நான் முதல் ஆளாக வருவேன். மாறுபட்ட கருத்துள்ளவர்கள், குறிப்பாக விளையாடுகிற இளைஞர்கள், இப்பக்கங்களில் எழுத வேண்டும்.