பால்ரோக்கின் சிறகு: உவமையும் திரைவடிவும்

ஜே.ஆர்.ஆர். டோல்கீன் 1954இல் வெளியிட்ட 'தி ஃபெல்லோஷிப் ஆஃப் த ரிங்' புதினத்தில், மோரியா நிலவறைப் பாலத்தருகே பால்ரோக் என்னும் தீப்பூதம் எதிர்ப்படுகிறது. அதனைச் சூழ்ந்த நிழல் இரு பெருஞ்சிறகுகள் போல விரிந்ததென முதலில் கூறும் ஆசிரியர், சற்றுப் பின்னர் அதன் சிறகுகள் சுவருக்குச் சுவர் பரந்தன என உவம உருபின்றியே மொழிகிறார். பால்ரோக்கிற்குச் சிறகு உண்டா என்னும் சுவைஞர்களின் நெடுங்கால வழக்கு இவ்விரு தொடர்களுக்கு இடையே பிறந்ததாகும். ரால்ஃப் பாக்ஷியின் 1978ஆம் ஆண்டு அசைவூட்டப் படமும் பீட்டர் ஜாக்சனின் 2001ஆம் ஆண்டுப் படமும் சிறகைக் காட்டி ஒரு பக்கம் சாய்ந்தன.

சிறகுண்டெனில் பாதாளத்தில் வீழ்கையில் பறவாதது ஏன் என்பது மறுப்போர் வினா. தொல்காப்பியம் வகுத்த வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனுள் இவர்கள் பயனைப் பற்றுகின்றனர். உண்டென்போர் வடிவாகிய மெய்யைப் பற்றுகின்றனர். மூலத்தின் முதல் தொடரிலோ உவமிக்கப்பட்டது நிழல் விரியும் வினையே. அடுத்த தொடர் உருவகமா, நேர்ச்செய்தியா என்பதை டோல்கீன் தெளிவிக்கவில்லை. அத்தெளிவின்மையே அச்சத்தை வளர்க்கிறது.

திரைக்குப் 'போல' என்னும் உருபு இல்லை என்று ஜாக்சனுக்காக வாதிடலாம். ஆயினும் அவரே முதலில் பூதத்தைக் காட்டாது, தூண்களுக்கு அப்பால் நெருங்கிவரும் செந்தழல் ஒளியையும் சிதறியோடும் பகைக்கூட்டத்தையும் மட்டுமே காட்டுகிறார். பாலத்துக் காட்சியில் சிறகு எல்லைகோடு பெற்றபோது கைவிடப்பட்டது அந்த உத்தியே.